சைலண்ட் வேலியில் சில்வண்டு

முதலில் ஒரு திருத்தம். சில வருடங்களுக்கு முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலை அணைகளைப் பற்றி எழுதிய குறிப்பில், சில்வண்டுச் சத்தம் இல்லாததால்தான் சைலண்ட் வேலி என்று பெயர் வந்தது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். எங்கிருந்து எடுத்தேன் என்று இப்போது தேடிப்பார்த்தால் ஒரு மூலமும் அகப்படவில்லை. எல்லோரும் எழுதியிருந்தார்கள், நானும் எழுதினேன், அவ்வளவுதான். போன மார்ச் மாதம் நண்பர் குடும்பத்தோடு நேரிலேயே போய்வந்தேன். முக்காலியில் ஜீப் ஏறி அரைமணி நேரம்கூட ஆகவில்லை, காதைப் பிளக்கிறது சில்வண்டு. ஒரு திருப்பத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டுப் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கவில்லை. நண்பரின் மகள், ஒன்பதாம் வகுப்பு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். வரும் வழியெல்லாம் அவளுக்கு நான்தான் பெயர்க்காரணம் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன்.

வழிகாட்டியாக வந்த முடுகர் இனப் பெரியவரிடம் கேட்டேன். "அண்ணா, இங்க சில்வண்டே கிடையாதுன்னு சொல்றாங்களே?"

"சீவீடா? அது எங்க இல்லாம இருந்துச்சு சார்? வெயில் காலத்துல வந்து பாருங்கன்னு சொல்லுவேன். வர்றவங்க எல்லாம் மழைக்கு அப்புறம்தானே வர்றாங்க" என்றார்.

இந்தக் குறிப்பு சைலண்ட் வேலி பயணக்கட்டுரை அல்ல. பயணக்கட்டுரைகளைப் பற்றியது. தமிழில் நான் படித்தவையும் யூடியூபில் பார்த்தவையும் சேர்த்தால் இருபது முப்பது தேறும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. நிசப்தமான பள்ளத்தாக்கு, ஐந்து கோடி ஆண்டுப் பழமை, மனிதக் கால் படாத கன்னிக்காடு, உலகில் வேறெங்கும் இல்லாத அரிய உயிர்கள், அணையை விரட்டிய வீரப்போராட்டம், கடைசியாக "எங்களுக்குத்தான் அதிர்ஷ்டமில்லை, ஒரு மிருகமும் கண்ணில் படவில்லை" என்று ஒரு பெருமூச்சு. இதில் என்ன கெட்டுவிட்டது, ஆசையாகப் போய்வந்து எழுதுகிறார்கள், விடுங்களேன் என்று கேட்கலாம். நானும் விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கும்போது, இந்த அச்சு தப்பாக இருப்பதோடு நிற்கவில்லை, மற்ற காடுகளுக்குக் கெடுதலும் செய்கிறது என்று தோன்றியது.

பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். மூன்று கதைகள் சுற்றுகின்றன. ஒன்று, மேலே சொன்ன சில்வண்டு. இரண்டாவது, சைரந்திரி என்ற உள்ளூர்ப் பெயரை வெள்ளைக்காரர்கள் வாயில் நுழைகிற மாதிரி மாற்றிக்கொண்டார்கள் என்பது. விராட நகரத்தில் திரௌபதி மறைந்து வாழ்ந்தபோது வைத்துக்கொண்ட பெயர் அது. ஆற்றுக்குப் பெயர் குந்தி. மலையைச் சுற்றிலும் பாரதக் கதைதான். மூன்றாவது, சிங்கவால் குரங்கின் அறிவியல் பெயரான மக்காக்கா சைலினஸிலிருந்து சைலண்ட் வந்தது என்பது. மூன்றாவதை நான் நம்பவில்லை. லின்னேயஸ் 1758-ல் வைத்த பெயரில் உள்ள சைலினஸ், கிரேக்கக் கதைகளில் வரும் தாடிக்காரக் கிழவன். முகத்தைச் சுற்றி வெள்ளை பிடரி உள்ள குரங்குக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் ஒரு குரங்கின் லத்தீன் பெயரை வைத்து ஒரு பள்ளத்தாக்குக்கு ஆங்கிலப் பெயர் சூட்டுவது, ஒலி ஒற்றுமையைப் பார்த்துப் பின்னால் யாரோ கட்டிய கதை மாதிரி இருக்கிறது. இருப்பதில் சைரந்திரிக் கதைதான் எனக்குக் கொஞ்சம் நெருக்கமாகப் படுகிறது. அதையும் முடிவு என்று சொல்லமாட்டேன். ஏற்கெனவே ஒருமுறை சுட்டுக்கொண்ட கை.

சில்வண்டுக் கதைக்கு ஒரு வால் உண்டு. "இப்போது சில்வண்டு கேட்கிறதென்றால் மனிதர்கள் உள்ளே வந்து காட்டைக் கெடுத்ததால்தான்" என்று சிலர் எழுதுகிறார்கள். இதை ரசித்தேன். கோட்பாடு தப்பு என்று நிரூபிக்கும் சாட்சியே கோட்பாட்டுக்கு ஆதாரம் ஆகிவிடுகிறது! எங்கள் தொழிலில் டெஸ்ட் தோற்றால் டெஸ்டையே திருத்தி வைக்கும் ஆட்கள் உண்டு. அந்த ரகம்.

அடுத்தது ஐந்து கோடி ஆண்டுகள். எண் கம்பீரமாக இருக்கிறது. ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் என்றால் இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கிய காலம். இங்குள்ள சில தாவரக் குடும்பங்களின் வம்சாவளி அவ்வளவு தூரம் போகும் என்பது ஒரு செய்தி. இதே காடு இதே இடத்தில் அன்றிலிருந்து அசையாமல் நிற்கிறது என்பது வேறொரு செய்தி. கட்டுரைகளில் முதலாவது இரண்டாவதாக மாறிவிடுகிறது. சைலண்ட் வேலி நீலகிரி மேட்டுநிலத்தின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கிறது. அந்த மேட்டுநிலத்தின் சதுப்புக் கரிமண் படிவுகளை ஆராய்ந்து சுகுமார், ரமேஷ் உள்ளிட்டோர் 1993-ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். வறட்சி தாங்கும் புல்வகைகளும் மற்ற தாவரங்களும் கார்பனைச் சேர்த்துக்கொள்ளும் விதம் வேறு. மட்கிய பிறகும் அந்த வித்தியாசம் மண்ணில் பதிவாகி இருக்கும். அதை அளந்து பார்த்தார்கள். சுமார் 20,000 முதல் 18,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், அந்த மலையில் வறட்சி. புல் மேலோங்கி இருந்தது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தது. பிறகு மறுபடி ஒரு வறண்ட காலம். குந்தி ஆற்றுப் பள்ளத்தாக்கும் புல்வெளியாகிப் போனது என்று இதற்கு அர்த்தமில்லை. ஈரமான பள்ளங்களில் காடு தாக்குப்பிடித்திருக்கலாம். ஆனால் கூப்பிடு தூரத்தில் இவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும்போது "மாறாமல் நிற்கும் ஆதிவனம்" என்று எழுதப் பேனா கூச வேண்டாமா? சுருங்கி, விரிந்து, பிழைத்துவந்த காடு என்பது அதைவிடச் சுவாரசியமான கதை என்பேன்.

மனிதக் கால் படாதது என்பதுதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். ஏனென்றால் இது சரிபார்க்கக் கஷ்டமே இல்லாத விஷயம். ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் இங்கே வந்தது 1847-ல். 1914-ல் காப்புக்காடாக அறிவித்தார்கள். அன்றைய கணக்கில் காப்புக்காடு என்றால் மரத்தை அரசாங்கத்துக்காகக் காப்பது. 1927-லிருந்து 1976 வரை இந்தக் காட்டின் பகுதிகளில் வனத்துறை வேலைகள் நடந்திருக்கின்றன. தேர்ந்தெடுத்து மரம் வெட்டுவது அதில் அடக்கம். ஐம்பது வருடம்! அதற்கெல்லாம் முன்னாலிருந்தே முடுகரும் குறும்பரும் தேனுக்கும் கிழங்குக்கும் இந்த மலைகளில் நடந்தவர்கள். அவர்கள் கால் மனிதக் கால் இல்லையா என்ன? இவ்வளவு நடந்த பிறகும் காடு இப்படி நிற்கிறது என்பதுதான் வியப்பு. வெட்டிய காடும் விட்டால் பிழைக்கும் என்பதற்கு அது ஒரு சாட்சி. கன்னிக்காடு என்ற ஒரு சொல்லால் அந்தச் சாட்சியைத் துடைத்துப் போட்டுவிடுகிறோம்.

இன்னொன்றையும் பயணக்கட்டுரைகள் விட்டுவிடுகின்றன. எல்லாமே முக்காலி வாசலில் தொடங்குகின்றன. கோயம்புத்தூரிலிருந்து போனால் ஆனைகட்டி தாண்டி அகளி வழியாக அட்டப்பாடியின் குறுக்கே போகவேண்டும். கிழக்கு அட்டப்பாடி மழைமறைவுப் பகுதி, அதோடு ஒரு காலத்தில் மொட்டையடிக்கப்பட்ட மலைகள். 1950-களுக்குப் பிறகு இரண்டு பக்கத்துச் சமவெளிகளிலிருந்தும் குடியேற்றம் பெருகி, இருளரும் முடுகரும் குறும்பரும் சொந்த மண்ணில் சிறுபான்மை ஆனார்கள், நிலமும் கைமாறியது. 1996 முதல் ஜப்பான் கடனுதவியில் ஒரு பெரிய சூழல் மீட்புத் திட்டம் நடத்த வேண்டிய அளவுக்கு நிலைமை போனது. இந்த வழியாகவே பவானி ஓடுகிறது. நீலகிரியில் பிறந்து, கேரளத்துக்குள் இறங்கி, முக்காலி பக்கம் திரும்பி, மறுபடி தமிழ்நாட்டுக்கே வருகிற ஆறு. நாம் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு அட்டப்பாடியைக் கடந்துபோய், வாசலுக்கு அந்தப் பக்கம் கேமராவை வெளியே எடுக்கிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். போனில் இருக்கும் 140 படங்களில் அட்டப்பாடிப் படம் இரண்டு. அதில் ஒன்று டீக்கடை.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அரிய உயிர்களும் போராட்டமும்.

பொதுவாகச் சொல்லப்படும் வடிவம் இது: அணை கட்ட வந்தார்கள், அங்கே உலகில் வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்கு இருந்தது, கவிஞர்களும் மக்களும் திரண்டார்கள், இந்திரா காந்தி அணையை நிறுத்தினார். இதில் ஒவ்வொரு துண்டிலும் உண்மை உண்டு, சேர்த்துப் பார்த்தால் வேறு ஏதோ. முதலில், சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது, சைலண்ட் வேலிக்கு மட்டும் உரியது அல்ல. கர்நாடகத்திலிருந்து நம்முடைய களக்காடு வரைக்கும் துண்டு துண்டாக இருக்கிறது. ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி இருவரும் 1970-களில் அதை ஆராய்ந்தது தென்கோடி மலைகளில்; களக்காடு சரணாலயம் 1976-ல் அறிவிக்கப்பட்டதற்கு இந்தக் குரங்கும் ஒரு காரணம்.

அணைத் திட்டத்தின் கணக்கைப் பாருங்கள். 120 மெகாவாட் மின்சாரம், சுமார் 10,000 ஹெக்டேருக்குப் பாசனம். மூழ்கும் பரப்பு 830 ஹெக்டேர். காட்டின் மொத்தப் பரப்பு, பின்னால் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அளவில், 89.52 சதுர கிலோமீட்டர். வகுத்தால் 9.3 சதவீதம் வருகிறது. பத்தில் ஒரு பங்குகூட இல்லை, மீதி ஒன்பது பங்கு குரங்குக்குப் போதாதா என்பதுதான் அணைக்காரர்களின் வலுவான வாதம். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மூழ்குவது எந்தப் பத்தில் ஒன்று? ஆற்றங்கரை, பள்ளத்தாக்கின் அடிப்பகுதி, இரண்டு சரிவுகளையும் சேர்க்கிற இடம். அதோடு அணை என்றால் அணை மட்டுமா? பல வருடங்களுக்குச் சாலை, குடியிருப்பு, விறகு, சந்தை எல்லாம் உள்ளே வரும். ஒரு நிரலில் பத்து சதவீத வரிகளை அழித்தால் தொண்ணூறு சதவீதம் வேலை செய்யும் என்று எவனும் சொல்லமாட்டான். எந்த வரிகள் என்றுதான் கேட்பான்.

இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டவர்கள் இருந்தார்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1979-ல் வெளியிட்ட அறிக்கையை எழுதியவர்கள் ஐந்து பேர்: எம்.கே. பிரசாத், எம்.பி. பரமேஸ்வரன், வி.கே. தாமோதரன், சியாமசுந்தரன் நாயர், கே.பி. கண்ணன். ஒருவர் தாவரவியல் ஆசிரியர், ஒருவர் அணுசக்திப் பொறியாளர், ஒருவர் மின்பொறியியல் பேராசிரியர், ஒருவர் வேளாண்மை அறிஞர், ஒருவர் பொருளியலாளர். அறிக்கையின் தலைப்பிலேயே தொழில்நுட்ப, பொருளாதார, சமூக, அரசியல் மதிப்பீடு என்று போட்டிருந்தார்கள். குரங்கை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் சண்டைபோடவில்லை. மலபாருக்கு மின்சாரம் வேண்டும் என்றால் அதற்கு இந்த அணை ஒன்றுதான் வழியா, இதனால் எவ்வளவு பேருக்கு வேலை, வேறு வழிகளுக்கு என்ன செலவு என்று, மின்வாரியம் பேசுகிற பாஷையிலேயே மின்வாரியத்தோடு பேசினார்கள். என் போன்ற பொறியியல் படித்தவர்களுக்குப் பாடமாக வைக்கலாம். நான் படித்த பயணக்கட்டுரைகளில் ஒன்றில்கூட இந்த அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கவிதை வருகிறது, கண்ணீர் வருகிறது, கணக்கு வரவில்லை. சுகதகுமாரியின் கவிதைக்கு இருந்த சக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கவிதை ஆட்களைக் கூட்டியது. கூடியவர்கள் கையில் கொடுக்க ஒரு கணக்கும் இருந்தது.

இன்னொரு பாடமும் உண்டு, இது கொஞ்சம் கசப்பானது. 1976-ல் சஃபர் ஃபுதேஅலி தலைமையிலான குழு திட்டத்தைக் கைவிடச் சொன்னது. ஆனால் கைவிட முடியாது என்றால் இந்த 17 பாதுகாப்பு நிபந்தனைகளையாவது கடைப்பிடியுங்கள் என்று ஒரு பின்னிணைப்பும் வைத்தது. மாநில அரசு முதல் பாதியைத் தள்ளிவிட்டு இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டது. 1979-ல் அதற்கு ஒரு சட்டமே போட்டது. அறிக்கை எழுதுகிற எல்லோரும் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய சம்பவம்! கடைசியில் எம்.ஜி.கே. மேனன் குழு மறுபடி ஆராய்ந்து, 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-ல் தேசியப் பூங்கா, 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். 2000-க்குப் பிறகும் அதே ஆற்றில் கொஞ்சம் கீழே பாத்ரக்கடவில் 70 மெகாவாட்டுக்கு ஒரு திட்டம் தலைகாட்டியது. 2007-ல் 148 சதுர கிலோமீட்டர் இடைவளையம் சேர்க்கப்பட்டது. ஆக, வெற்றி 1983-ல் முடிந்துபோன சமாசாரம் இல்லை.

இப்போது அரிய தாவரங்கள். ஜீப்பிலிருந்து இறங்குகிற எல்லோரும் இவற்றைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கே.எஸ். மணிலால் (பின்னாளில் ஹோர்த்தூஸ் மலபாரிக்கஸை ஆங்கிலத்துக்கும் மலையாளத்துக்கும் கொண்டுவந்தவர் இவர்தான்) தன் குழுவோடு சைலண்ட் வேலியின் தாவரங்களைப் பட்டியலிட்டார். 966 பூக்கும் தாவர இனங்கள். புத்தகம் வந்த வருடம் 1988. வருடத்தைக் கவனியுங்கள். சண்டை முடிந்து ஐந்து வருடம் கழித்து. அதாவது அணை வேண்டாம் என்று வாதாடியபோது உள்ளே என்னென்ன இருக்கிறது என்று முழுசாக யாருக்கும் தெரியாது. "என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒன்றை மூழ்கடிக்காதீர்கள்" என்பதுதான் அன்றைய நேர்மையான வாதம். நாம் அதை "அரிதானவை இருந்ததால் காப்பாற்றினார்கள்" என்று திருப்பி எழுதிவிட்டோம்.

திருப்பி எழுதினால் என்ன ஆகும்? அரிதானது இருந்தால்தான் காப்பாற்ற வேண்டும் என்று ஆகும். 1976 பிப்ரவரியில் இடுக்கி அணையைத் திறந்துவைத்தவரும் அதே இந்திரா காந்திதான். இடுக்கி நீர்த்தேக்கம் சுமார் 60 சதுர கிலோமீட்டர். சைலண்ட் வேலியில் மூழ்கவிருந்த 8.3 சதுர கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் ஏழு மடங்கு. அது முழுக்க மழைக்காடு அல்ல, இடுக்கி மின்சாரம் கேரளத்துக்குத் தேவையில்லை என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே மூழ்கியதற்கு ஒரு பட்டியல், ஒரு புத்தகம், ஒரு சுற்றுலா ஜீப் எதுவும் இல்லை. சுலோகம் கிடைக்காத காடுகள் சத்தமில்லாமல் போயின. உண்மையான சைலண்ட் வேலிகள் அவைதான் என்று எழுதினால் வாசகர் ரசிப்பார். எழுதக்கூடாது, நான் திட்டுகிற கட்டுரைகளின் நடை அது.

நாங்கள் போனபோது என்ன பார்த்தோம் என்று சொல்லிவிடுகிறேன். முக்காலியிலிருந்து சைரந்திரி 23 கிலோமீட்டர். அங்கே ஒரு கண்காணிப்புக் கோபுரம். ஏறினால் நாலாபுறமும் காட்டின் கூரை. அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் இறங்கினால் குந்தி ஆறும் தொங்குபாலமும். அணைக்குக் குறித்துவைத்திருந்த இடம் இந்த சைரந்திரிதான். வழியில் மலபார் அணில் ஒன்று, தூரத்தில் கருமந்திகளின் இரைச்சல், அவ்வளவுதான் மிருகங்கள். நண்பருக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. "இவ்வளவு தூரம் வந்து ஒண்ணுமே பாக்கலையேடா" என்றார் நாலு தடவை.

அப்போது அந்தப் பெரியவர் பாதையோரம் நின்று மேலே கை காட்டினார். கிளைகளின் மேலேயே கொத்துக் கொத்தாகப் பழுப்பும் பொன்னும் கலந்த பூக்கள், கொப்போடு ஒட்டவைத்த மாதிரி. வெடிபலா. டூரியானுக்குச் சொந்தக்கார மரம். காய் முள்ளு முள்ளாக இருக்கும், முற்றினால் வெடிக்கும். அந்தப் பூவுக்கு இதழே கிடையாது, சதைப்பற்றான புல்லிவட்டம் மட்டும்தான். "கீழ பாருங்க சார்" என்றார். தரையில் பூக்கள் சிந்திக் கிடந்தன, பாதி கடித்தவை. "காலையில இங்கதான் இருந்திருக்கு. தின்னுட்டு மேல போயிருச்சு." களக்காடு-முண்டந்துறையின் காக்காச்சியில் கணேஷ், பிரியா தாவிதார் இருவரும் இந்த மரத்தின் பூக்களை ஆராய்ந்து 1997-ல் எழுதியிருக்கிறார்கள். சதைப்பழங்கள் குறைந்துபோகிற மாதங்களில் குரங்கு, அணில், வௌவால் என்று மரத்தில் வாழும் பாலூட்டிகள் பலவற்றுக்கும் இந்தப் பூதான் சோறு. நான் அதைப் படித்திருந்தேன். படித்துவைத்தும் தலைக்கு மேலே பூத்து நின்றதை நான் பார்க்கவில்லை, அவர் காட்டினார். நண்பரின் மகள் ஒரு பூவை எடுத்து முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். குரங்கைப் பார்க்காதது எங்களுக்கு அதிர்ஷ்டமில்லாததால் அல்ல. தொடர்ச்சியான காடு இருக்கிற இடத்தில் அது கூரையை விட்டு இறங்குவதே அபூர்வம். கண்ணில் படாதது காடு நன்றாக இருப்பதன் அறிகுறி. டிக்கெட் வாங்கியவருக்கு இதைப் புரியவைப்பது எப்படி என்றுதான் எனக்குத் தெரியவில்லை. நண்பருக்கு நான் புரியவைக்கவில்லை.

மே மாதம் அதே கூட்டணியோடு வால்பாறை போனோம். புதுத்தோட்டத்தில் ரோட்டோரம் நாலைந்து வண்டிகள் நின்றிருந்தன. இறங்கிப் பார்த்தால் சிங்கவால் குரங்குகள்! பதினைந்துக்கு மேல் இருக்கும். ஒன்று தகரக் கூரையில், ஒன்று குப்பைத்தொட்டி மேல், குட்டி ஒன்று தார் ரோட்டில். சைலண்ட் வேலியில் ஐந்து மணி நேரம் கழுத்து வலிக்கத் தேடியது இங்கே ஐந்தடி தூரத்தில். புதுத்தோட்டம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான மழைக்காட்டுத் துண்டு. தனியார் இடம். உள்ளே பாதிக்குக் காப்பிச்செடி மண்டியிருக்கும். கன்னிக்காடு என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. உலகம் முழுக்க வளர்ந்தவை 2,500-க்கும் குறைவு என்று மதிப்பிடப்படும் இனத்தில் இது சின்ன எண்ணிக்கை இல்லை. வண்டியில் அடிபட்டுச் சாவதைத் தடுக்க, பழைய தீயணைப்புக் குழாய்களை ரோட்டுக்குக் குறுக்கே மரத்துக்கு மரம் கட்டி நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆட்கள் பாலம் போட்டிருக்கிறார்கள். அவர்களில் திவ்யா முத்தப்பா, சங்கர் ராமன் இருவரும் வால்பாறையில் வருடக்கணக்காகத் துண்டுக்காடுகளை நாற்று நட்டு மீட்டுவருகிறவர்கள். அரிய உயிர், அழகான பள்ளத்தாக்கு என்ற அச்சை வைத்துப் பார்த்தால் இந்த இடத்துக்கு ஒரு வரிகூடக் கிடைக்காது. அணையோ ரிசார்ட்டோ வந்தால், "இது ஏற்கெனவே கெட்டுப்போன காடுதானே" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். அந்த வாக்கியத்துக்கு வேண்டிய இலக்கணத்தை எழுதிக்கொடுத்தது நம்முடைய பயணக்கட்டுரைகள்தான். என்னுடைய பழைய குறிப்பும் சேர்த்தி.

பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் குச்சியோடு நின்றிருந்தார். "ஏனுங்க, இதைப் போய் இப்படிப் படம் புடிக்கறீங்க? நேத்து வடாம் பூராம் போச்சு" என்றார்.

"மாமா, இதுவும் அதே குரங்குதானே?" என்றாள் நண்பரின் மகள்.

"அதேதான்."

"அப்ப அந்தக் காட்டுக்கு மட்டும் ஏன் டிக்கெட்டு?"

"அது நேஷனல் பார்க்கு, இது எஸ்டேட்டு" என்று அவள் அப்பா முந்திக்கொண்டு பதில் சொன்னார். இந்தத் தடவை அவருக்கு நிறையப் படம் கிடைத்திருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் குழாய்ப் பாலத்தைக் காட்டினேன். பெரிய ஆண் ஒன்று அதில் பாதி தூரம் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. கீழே தேயிலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

பழைய குறிப்பில் சில்வண்டு வரியை எடுத்துவிட்டேன். அதே குறிப்பில் கன்னிக்காடு என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. அதில் இரண்டு சைலண்ட் வேலியைப் பற்றியது, மாற்றிவிட்டேன். மூன்றாவது மேல் பவானி அணைக்கு மேலே உள்ள சோலைகளைப் பற்றியது. அங்கே இன்னும் போய்ப் பார்க்கவில்லை.